காகிதத்தின் மேல் காகிதம்

மைக்செட்காரர் அந்த ஆம்ப்ளிஃபயரை இரண்டாம் முறையாகத் தூக்கிக்கொண்டு கடைப்படி ஏறியபோது, உள்ளே உட்கார்ந்திருந்த ஆம்ப்காரரை முதலில் எட்டியது வந்தவருடைய குரல் அல்ல, வாசனை. கருகிவிடவில்லை, ஆனால் கருகலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கும் கம்பிச்சுருள் வார்னிஷின் வாசனை. நோயாளி படுத்திருக்கும் அறைக்குள் நுழைகிறவனுக்கு, யாரும் வாயைத் திறப்பதற்கு முன்பே பாதிச் செய்தி மூக்கின் வழியாக வந்து சேர்ந்துவிடும். அப்படித்தான் வந்தது.

“அண்ணே, கோவிச்சுக்காதீங்க,” என்று பெட்டியை மேசைமேல் இறக்கினார் மைக்செட்காரர். “போன தடவை ஃபேன் மாட்டிக் குடுத்தீங்க. ஃபேன் மேல ஒரு குத்தமும் இல்ல, ஜோராச் சுத்துது. சூட்டை எடுத்து என் மூஞ்சியில ஊதுது, அவ்வளவுதான். என்கிட்ட வேலை செய்யறவன், இனிமே இஸ்திரிப் பெட்டி வேணாம், இதுலயே சட்டையைத் தேய்ச்சுக்கறேங்கறான்.”

“பெட்டிமேல பெட்டியை அடுக்கியிருப்பே. அதுக்கும் மூச்சு விட எடம் வேணாமா?”

“தனியா நாற்காலி போட்டு மாப்பிள்ளை மாதிரி உக்கார வெச்சிருந்தேன்ணே. நேத்துக் கூட்டத்துல ஒருத்தர் பேசிக்கிட்டே இருக்கார், முன்வரிசையில எல்லாரும் மூக்கைப் பொத்தறாங்க. பேச்சு அவ்வளவு மோசமான்னு நெனைச்சேன். அப்புறம்தான் எனக்கே நாத்தம் வந்துச்சு. ஓடிப் போய் பிளக்கைப் பிடுங்கிட்டேன்.” சிரித்தபடி சொல்லிக்கொண்டு வந்தவர் குரலைத் தாழ்த்தினார். “சின்னப் புள்ளைங்க நெறைய இருந்துச்சுண்ணே அந்த மண்டபத்துல.”

ஆம்ப்காரர் மூடியைக் கழற்றும் பாவனையில் குனிந்துகொண்டார்.

“அண்ணி சுத்தினதுன்னா நான் கண்ணை மூடிக்கிட்டு எடுத்துட்டுப் போவேன். அது உங்களுக்கே தெரியும். ஆனா…”

“வெச்சுட்டுப் போப்பா. பாக்கறேன்.”

அந்த ‘ஆனா’வை முடிக்காமல் போனதற்காக அவருக்கு மனத்துக்குள் நன்றி சொன்னார் ஆம்ப்காரர். உள்ளறையில் கைப்பிடி சுழலும் ஒலி சீராகக் கேட்டுக்கொண்டிருந்தது. காயிலம்மா கம்பி சுற்றிக்கொண்டிருந்தாள்.

அந்தக் கடையில் ஆம்ப்ளிஃபயரைக் கட்டுகிறவர் அவர். அதன் வயிற்றில் உட்காரும் டிரான்ஸ்ஃபார்மரைச் சுற்றுகிறவள் அவர் மனைவி. மணமான புதிதில் வேடிக்கை பார்க்க வந்து நின்றவள், அவர் கம்பி இழுக்கும் அழகைச் சிறிது நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, “நகருங்க, நீங்க இழுக்கற இழுப்புல கம்பி அழுவுது” என்று அவரை முக்காலியிலிருந்து எழுப்பினாள். அன்று எழுந்தவர்தான், மறுபடி அதில் உட்கார அவருக்கு வாய்ப்புக் கிடைக்கவே இல்லை. காயில் சுற்றுகிறவள் என்பதால் தெரு அவளுக்குக் காயிலம்மா என்று பெயர் சூட்டியது. பெற்றோர் வைத்த பெயர் குடும்ப அட்டையில் மட்டும் எஞ்சியது.

கம்பி சுற்றும் மிஷினை வாங்கும்போதே சுற்றுகளை எண்ணும் சிறு கருவி ஒன்று அதில் பொருத்தப்பட்டிருந்தது. அதை அவள் கழற்றி எறிந்தாள். “இது என்னைவிடச் சோம்பேறி. நடுநடுவுல தூங்கிடுது” என்பது அவள் தீர்ப்பு. அவளுடைய கணக்கு வேறு. ஓர் அடுக்குக் கம்பி, அதன்மேல் ஒரு சுற்றுக் காகிதம், மறுபடி ஓர் அடுக்குக் கம்பி. எத்தனை அடுக்குகள் வேண்டுமோ அத்தனை காகிதங்களை முன்கூட்டியே வெட்டி மடியில் வைத்துக்கொள்வாள். அடுக்கு முடிய முடிய ஒன்றை எடுத்துப் போர்த்துவாள். மடி காலியானால் வேலை முடிந்தது. நடுவில் யார் வந்து பேசினாலும், பால்காரன் கூப்பிட்டாலும், பிள்ளை அழுதாலும், அவள் எழுந்து போய்த் திரும்பி வந்து விட்ட இடத்திலிருந்து தொடர்வாள். எண்ணிக்கை தலையில் இருந்தால்தானே தவறிப்போகும்? அவளுடைய எண்ணிக்கை மடியில் இருந்தது.

சூட்டுக்கும் அவள்தான் நீதிபதி. சூடான ஈயமும் சால்டரிங் முனையும் பட்டுப் பட்டு ஆம்ப்காரரின் விரல்கள் மரத்துப்போய் எத்தனையோ காலம் ஆகிவிட்டது. அவர் தொட்டால் எல்லாம் ஒரே மாதிரிதான். எனவே கட்டி முடித்த ஒவ்வோர் ஆம்ப்ளிஃபயரும் அவளுடைய உள்ளங்கைக்குக் கீழே ஒருமுறை உட்கார்ந்த பிறகே கடைப்படி இறங்கும். டிரான்ஸ்ஃபார்மர் சூடாகத்தான் வேண்டும், சுடாத டிரான்ஸ்ஃபார்மர் பட்டினி கிடக்கிறது என்று அர்த்தம் என்பாள். ஆனால் வேலை செய்து வரும் சூடு வேறு, காய்ச்சல் வேறு. வெயிலில் நடந்து வந்த பிள்ளையின் நெற்றியையும் ஜுரத்தில் கிடக்கும் பிள்ளையின் நெற்றியையும் ஒரு தாய் குழப்பிக்கொள்வாளா? ஒரு சுமையையும் இழுக்காமல் சும்மா கிடக்கும்போதே ஒன்று கொதிக்கிறது என்றால், அதன் வினை அதன் வயிற்றுக்குள்தான் இருக்கிறது.

இதெல்லாம் அவளே சொல்லி அவர் கேட்டது. ஆகவே இந்தப் பெட்டியை அவளிடம் கொண்டுபோய்க் காட்டுவதைத் தவிர வேறு எதையும் செய்ய அவர் ஆயத்தமாக இருந்தார்.

அதற்குக் காரணம் இருந்தது. கடந்த மழைக்காலம் முதல் வீட்டிலிருந்து சிறுசிறு பொருள்கள் மறைவதைப் போல, அவள் நினைவிலிருந்து ஒவ்வொன்றாகக் காணாமல் போய்க்கொண்டிருந்தன. முதலில் சாவி. பிறகு சாவி எதற்கு என்பது. ஒருநாள் கடைத்தெரு முனையில், எந்தப் பக்கம் திரும்பினால் வீடு வரும் என்று தெரியாமல், அறிமுகமில்லாத ஒருவரிடம் சிரித்துப் பேசிக்கொண்டு நின்றாள். வழி கேட்க வெட்கப்பட்டிருக்கிறாள். டாக்டர் சாந்தமாகப் பேசினார். கைக்குப் பழகிய வேலை கடைசிவரை ஒட்டிக்கொண்டிருக்கும், அதைப் பிடுங்காதீர்கள் என்றார். உண்மையும் அதுதான். சமையலறையில் தடுமாறுகிறவள், முக்காலியில் உட்கார்ந்து கம்பியைப் பிடித்ததும் முழுசாகத் திரும்பி வந்துவிடுவாள். முதுகு நிமிரும், உதட்டோரத்தில் பழைய கேலி வந்து உட்காரும். அவர் அந்த நேரங்களுக்காகவே தேவைக்கு மேல் கம்பி வாங்கிப் போட்டார்.

மகள்தான் உடன்படவில்லை. மருந்துக்கடையில் வேலை பார்க்கிறவள். ஓர் அளவு கூடினால் மருந்து என்ன ஆகும் என்று தெரிந்தவள். “அப்பா, அம்மா பொம்மையா செய்யறாங்க? கரண்ட் ஓடற பொருள். நாலு பேர் இருக்கற எடத்துக்குப் போகுது. ஒண்ணு தப்பா வந்தாலும் மிஷினை நிறுத்திடணும். சரின்னு சொல்லுங்க.”

“உங்கம்மா சுத்தினதுல தப்பு வரட்டும் பாப்பா, அப்பச் சொல்றேன்” என்று அவர் சிரித்தார். தலைமயிரில் நரை எட்டிப் பார்க்கும் பெண்ணை அவர் இன்னும் பாப்பா என்றுதான் அழைத்தார். அன்று அந்தப் பதிலில் இருந்த பெருமிதம் இப்போது அவரையே திருப்பிக் குத்தியது.

அவர் கதவைச் சாத்திவிட்டுச் சோதிக்க உட்கார்ந்தார். டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து ஆம்ப்ளிஃபயருக்குப் போகும் கம்பிகளையெல்லாம் எடுத்துவிட்டார். இப்போது அதற்குச் சுமை ஏதுமில்லை. மின்சாரத்தை ஒரு குண்டு பல்பின் வழியாக அதற்குக் கொடுத்தார். சீரியல் பல்பு பொய் பேசாது. டிரான்ஸ்ஃபார்மர் நல்லபடியாக இருந்தால் பல்பு ஒரு கணம் பளிச்சென்று விழித்து, உடனே கண்ணை மூடிக்கொள்ளும். உள்ளே குறை இருந்தால், குடிக்கிற மின்சாரம் குறையாமல், விடியாத இரவில் எரியும் விளக்கைப் போல மங்கலாக எரிந்துகொண்டே இருக்கும்.

பல்பு விழித்தது. மூடவில்லை.

‘லைன்ல வோல்டேஜ் ஏறியிருக்கு’ என்று அவர் தமக்குத் தாமே சொல்லிக்கொண்டார். தெருவிலுள்ள பட்டறைகள் அனைத்தும் ஓடத் தொடங்கி வோல்டேஜ் இறங்கும் நேரம்வரை காத்திருந்து மறுபடி போட்டார். அதே ஆரஞ்சு நிறம். பல்பின்மேல் சந்தேகம் வந்தது. கழற்றி வேறு பல்பு மாட்டினார். புதுப் பல்பும் பழைய பல்பின் சாட்சியத்தையே திருப்பிச் சொன்னது. பிறகு இரும்புத் தகடுகளின்மேல் பழி விழுந்தது. கலப்பட இரும்பு, இந்தக் காலத்து வியாபாரிகள், இந்தக் காலமே சரியில்லை. நீதிபதியே குற்றவாளியின் வக்கீலாகவும் உட்கார்ந்துவிட்டால் வழக்கு எப்படி நடக்குமோ அப்படி நடந்தது அந்தச் சோதனை. இடையிடையே அவர் தம் மரத்த விரல்களால் தொட்டுப் பார்த்தார். ‘அப்படியொண்ணும் சுடலையே’ என்றார். விரல் நுனி சிவந்திருந்ததை அவர் பார்க்கவில்லை, அல்லது பார்க்க விரும்பவில்லை.

கதவைத் தள்ளிக்கொண்டு மகள் வந்து நின்றது அப்போதுதான். அன்று அவளுக்கு விடுமுறை. தோள்பையை இறக்குவதற்கு முன்பே அவள் கண் பல்பில் போய் விழுந்தது. அந்தக் கடையில் தவழ்ந்து வளர்ந்தவள். எழுத்துக் கூட்டத் தெரிவதற்கு முன்பே சீரியல் பல்பைப் படிக்கத் தெரிந்தவள்.

“என்னப்பா, பல்பு அணையல?”

“லைன் ஏறியிருக்கு பாப்பா. வந்ததும் வராததுமா… உள்ள போ, அம்மா இருக்கா.”

அவள் உள்ளே போகவில்லை. மேசையிலிருந்த மீட்டரை எடுத்து அதன் முனைகளைப் பிளக் பாயின்ட்டில் வைத்தாள். “லைன் எப்பவும் போலத்தான் இருக்கு.”

“தகடு சரியில்ல. கண்டவன்கிட்ட வாங்கினா இப்படித்தான்.”

“அலமாரியில ஒண்ணு இருக்கே, அது?”

“அது பழசு.”

“அதே தகடுதானே? ரெண்டும் ஒரே கட்டுல வந்ததுன்னு நீங்கதான் சொன்னீங்க.” அவள் பதிலுக்குக் காத்திராமல் அதை எடுத்து வந்து இணைத்தாள். பல்பு பளிச்சென்று விழித்து, நல்ல பிள்ளையாகக் கண்ணை மூடிக்கொண்டது.

மகள் மறுபடியும் இந்த டிரான்ஸ்ஃபார்மரை இணைத்தாள். மங்கலான அந்த வெளிச்சம் மேசைமேல் திரும்பி வந்தது.

“எப்பச் சுத்தினதுப்பா இது?”

“இப்ப… கொஞ்சம் முன்னாடி.”

“ஃபேன் மாட்டியிருக்கீங்க. அப்ப உங்களுக்கு முன்னாடியே தெரியும்.”

“ஏன் பாப்பா போலீஸ்காரி மாதிரி கேக்கறே? சூடுன்னு மைக்செட்காரன் சொன்னான், மாட்டினேன். அவனுக்கு எது தொட்டாலும் சூடு.”

“அப்பா.” அவள் கோபப்படவில்லை. அதுதான் அவரால் தாங்க முடியாததாக இருந்தது. “நீங்க அம்மாவைக் காப்பாத்தல. அம்மா பேரை மூடி வெக்கறீங்க. நாளைக்கு எங்கயாவது ஒண்ணு பத்திக்கிச்சுன்னா, காயிலம்மா சுத்தினதுன்னுதானே சொல்லுவாங்க?”

அவர் மேசைமேல் கிடந்த ஸ்க்ரூக்களை ஒரு மூடிக்குள் பொறுக்கிப் போடத் தொடங்கினார்.

உள்ளறையின் ஒலி நின்றது. முந்தானையில் கையைத் துடைத்தபடி காயிலம்மா வந்தாள். “எப்ப வந்தே? சாப்பிட்டியா?” என்று மகளின் கன்னத்தைத் தொட்டாள். பிறகு மூக்கைச் சுளித்தாள்.

“என்னங்க இது, இப்படி நாறுது? மேல துணியைப் போட்டு மூடினாக்கூட வாசப்படி வரைக்கும் வரும். எதை வேக வெக்கறீங்க?”

அவர் பிளக்கைப் பிடுங்கக் கை நீட்டினார். அவள் முந்திக்கொண்டாள். டிரான்ஸ்ஃபார்மரின் மேல் உள்ளங்கை படிந்தது. அவள் கண்களை மூடிக்கொண்டாள். உதடுகள் இறுகின. அந்த முகத்தை அவருக்குத் தெரியும். அது மறதியின் பக்கம் ஒரு தடவைகூட எட்டிப் பார்க்காத முகம். எத்தனையோ பெட்டிகளுக்கு இந்த முகம்தான் போகலாம் என்று சொல்லியிருக்கிறது, சிலவற்றை நில் என்றும் தடுத்திருக்கிறது. கையை வெடுக்கென்று எடுத்து ஊதிக்கொண்டாள்.

“வேலை குடுத்தீங்களா இதுக்கு?”

“இல்லம்மா. சும்மாத்தான் கெடக்கு.”

“அப்பக் காய்ச்சலுதான். நல்ல காய்ச்சலு. உள்ள சுத்து கொறையுது.” அவள் பல்பைப் பார்த்தாள், ஆமாம் என்பதுபோலத் தலையசைத்தாள். அது அவளுக்கு இரண்டாவது சாட்சி மட்டுமே. “யாருங்க சுத்தினது இதை?”

மகளின் வாய் திறந்தது. அவர் மகளைப் பார்த்தார். தகப்பன் பிள்ளையிடம் கெஞ்சும் பார்வை எப்படி இருக்கும் என்பது அன்றுவரை இருவருக்கும் தெரியாது.

“கேக்கறேன்ல. யார் வேலை இது? வெளிய குடுத்துச் சுத்தினீங்களா?”

“நான்தான்மா சுத்தினேன்” என்றார் அவர்.

“நீங்களா!” காயிலம்மா இடுப்பில் கைவைத்து நின்றாள். “உங்களை யாரு மிஷின்ல உக்காரச் சொன்னது? நான் செத்தா போயிட்டேன்? அன்னிக்கே சொன்னேன், உங்க கைக்கும் கம்பிக்கும் ஆகாதுன்னு. ஜாதகப் பொருத்தமே இல்ல. நான் எந்திரிச்ச நேரம் பாத்துத் திருட்டுத்தனமா உக்காந்திருக்கீங்க!”

“ஆசைப்பட்டுட்டேன்.”

“நல்ல ஆசை போங்க. பிரிங்க அதை. என்ன பண்ணி வெச்சிருக்கீங்கன்னு பாக்கறேன்.”

சூடு ஆறும்வரை காத்திருந்து, அவர் தகடுகளை ஒவ்வொன்றாக நெம்பி எடுத்தார். கம்பி சுற்றியிருந்த பாபினை அவள் வாங்கிக்கொண்டு மிஷினில் பொருத்தினாள். அவள் பக்கத்தில் தரையில் அவரும், கதவுநிலையில் சாய்ந்தபடி மகளும். கம்பி பின்னோக்கி அவிழ்ந்து வந்தது. வார்னிஷ் ஒட்டிய இடங்களில் அவள் நகத்தால் வருடிப் பிரித்தாள். ஒரு கம்பியைக்கூட அறுக்கவில்லை. ஓர் அடுக்கு வந்தது, காகிதம் வந்தது, அடுத்த அடுக்கு வந்தது. ஒருவேளை எல்லாம் சரியாக இருந்துவிட்டால் என்று, எல்லாம் தெரிந்த பிறகும், ஆம்ப்காரருக்குள் யாரோ வேண்டிக்கொண்டிருந்தார்கள்.

அவள் ஒரு காகிதத்தை உரித்தாள். அதன் கீழே கம்பி இல்லை. இன்னொரு காகிதம் இருந்தது.

“இதைப் பாருடி பாப்பா, உங்கப்பா வேலையை! பேப்பர் மேல பேப்பர். நடுவுல கம்பி எங்கங்க? கரண்ட் பேப்பர்லயே நடந்து போயிடுமா?” அவள் சிரித்தாள். மகள் சிரிக்க முயன்று தோற்றாள்.

அவருக்கு அப்போது எல்லாம் கண்முன் விரிந்தது. அவள் காகிதம் போர்த்தியிருக்கிறாள். எழுந்திருக்கிறாள், அல்லது எழாமல் வெறுமனே சுவரைப் பார்த்திருக்கிறாள். திரும்பியபோது, மடியில் காகிதங்கள் இருந்தன. அடுத்தது காகிதம் போர்த்த வேண்டியது என்று கை சொல்லியிருக்கிறது. போர்த்தியிருக்கிறாள். மடி நேரத்தோடு காலியாகியிருக்கிறது. எத்தனை காலமாகவோ அவளைக் காத்துவந்த கணக்கே, அவளறியாமல், அவளைக் கைவிட்டிருக்கிறது.

சற்று இறங்கியதும் மறுபடி ஒன்று. பேப்பர் மேல பேப்பர். இந்த முறை அவள் திட்டவில்லை. அதற்கும் கீழே இன்னொன்று வந்தபோது கைப்பிடியைச் சுழற்றுவதை நிறுத்திவிட்டாள். அவர் பக்கம் திரும்பினாள். கேலி போய்விட்டிருந்தது. அந்த இடத்தில் வந்திருந்த கனிவைக் கண்டு அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

“ஏங்க, ஒடம்பு ஏதாவது பண்ணுதா உங்களுக்கு?”

“இல்லம்மா.”

“ஒரு தடவைன்னா கை தவறிடுச்சுன்னு சொல்லலாம். இது கைத்தப்பு இல்லங்க. மறந்து மறந்து போகுது உங்களுக்கு.” தரையில் உட்கார்ந்திருந்த அவர் தலையில் கை வைத்தாள். சற்று முன் டிரான்ஸ்ஃபார்மரின் மேல் வைத்த அதே கவனத்தோடு வைத்தாள். “எங்கிட்டச் சொல்ல வேண்டியதுதானே? நான் என்ன அடிக்கவா போறேன்? பயமா இருந்துச்சா?”

அவர் தலையசைத்தார்.

“பாப்பா, அப்பாவைக் கொஞ்சம் டாக்டர்கிட்டக் கூட்டிட்டுப் போ. நானும் பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன், கொஞ்ச நாளா ஒரு மாதிரியாத்தான் இருக்கார். ராத்திரி தூங்கறதில்ல. என்னையே பாத்துக்கிட்டு உக்காந்திருக்கார்.”

“சரிம்மா” என்றாள் மகள்.

“இனிமே அவரை மிஷின்கிட்ட விடக் கூடாது. எவ்வளவு கெஞ்சினாலும் விடக் கூடாது. பாவம்னு பாத்தா, நாளைக்கு ஒரு எடம் பத்திக்கிட்டா யாரு பதில் சொல்றது?” சொல்லிக்கொண்டே அவள் மிஷினின் கைப்பிடியைத் திருகிக் கழற்றினாள். கொடி மேல் கிடந்த அவருடைய பழைய சட்டையில் அதைச் சுற்றி, எழுந்து போய், குளிர்காலப் போர்வைகள் அடுக்கியிருந்த அலமாரியைத் திறந்து, அடிப்போர்வையின் மடிப்புக்குள் செருகினாள். கதவைச் சாத்திவிட்டு, அவர் பார்க்கிறாரா என்று திரும்பிப் பார்த்தாள். அவர் பார்க்காதவரைப் போல முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

மகள் புறப்படும்போது படிவரை அவரும் போனார்.

“ஏம்பா அப்படிச் சொன்னீங்க?”

“வேற என்ன சொல்றது பாப்பா? அவ தீர்ப்பு சொல்லிட்டா. அதுல பேரை மட்டும்தானே மாத்தினேன்.”

“மிஷினை நான் எடுத்துட்டுப் போயிடட்டுமா?”

“வேணாம். அது இருக்கட்டும்.”

மைக்செட்காரருக்குச் சந்தையில் ஆயத்தமாகக் கிடைக்கும் டிரான்ஸ்ஃபார்மர் ஒன்றை வாங்கிப் பொருத்திக் கொடுத்தார். நீண்ட நேரம் ஓடவிட்டு, மகள் கொடுத்த வெப்பமானியை அதன் உடம்போடு கட்டிச் சோதித்தார். வரவேண்டிய சூடு வந்தது, அதற்குமேல் வரவில்லை. குறை சொல்ல அதில் ஒன்றுமில்லை என்பதுதான் அவருக்கு அதிலிருந்த குறை. “அண்ணி சுத்தினதாண்ணே?” என்று கேட்டவரிடம், “அண்ணிக்கு ஓய்வு குடுத்திருக்கோம்” என்றார். மைக்செட்காரர் உள்ளறைப் பக்கம் ஒருமுறை பார்த்தார். பிறகு பெட்டியைத் தூக்கிக்கொண்டு இறங்கினார்.

மறுநாளே அவள் கேட்கத் தொடங்கினாள்.

“மிஷின் கைப்பிடி எங்கங்க?”

எங்கே வைத்தாள் என்பதும், யாரிடமிருந்து காப்பதற்காக வைத்தாள் என்பதும், ஏன் என்பதும் அவளிடமிருந்து போய்விட்டிருந்தன. கம்பி வேண்டும் என்கிற கையின் பசி மட்டும் இருந்தது. அவர் அவளோடு சேர்ந்து தேடினார். பெட்டிகளை நகர்த்தினார், மேசையடியில் தவழ்ந்தார், அரிசிப் பானைக்குள் கைவிட்டுத் துழாவினார். “இங்க பாத்தியா? அங்க பாத்தியா?” என்று அது இல்லாத இடங்களையெல்லாம் ஒன்றுவிடாமல் காட்டினார். தேடும்போது போர்வை அலமாரியின் பக்கம் மட்டும் அவர் போவதில்லை. மழை பெய்து வீடு சில்லிட்டுக் கிடந்த நாள்களில்கூட, போர்வையை இழுத்தால் அது தட்டுப்பட்டுவிடுமே என்று, இரண்டு சட்டைகளைப் போட்டுக்கொண்டு படுத்தார். அவளுக்குத் தம் வேட்டியை மடித்துப் போர்த்தினார்.

எடுத்துக் கொடுத்துவிடலாம் என்று தோன்றாமல் இல்லை. சுற்றட்டும், எங்கும் அனுப்பாமல் கடை அலமாரியில் அடுக்கிவிடலாம். யாருக்கு என்ன நட்டம்? பலமுறை போர்வை அலமாரிவரை நடந்தார். ஆனால் அவளுடைய உள்ளங்கை சொன்ன தீர்ப்பு அங்கே இருந்தது. காய்ச்சல் காணும் ஒன்றை, ஆசைக்காகக்கூட, வேலைக்கு அனுப்பலாம் என்று அவள் ஒருநாளும் சொன்னதில்லை. அவள் அறியாமலே அவளைக் கொண்டு அவளுக்கே விதிக்கவைத்த தீர்ப்பை, இப்போது அவள் அறியாமலே தள்ளுபடி செய்ய அவருக்கு மனம் வரவில்லை. கொடுப்பதும் மறைப்பதும் இரண்டுமே துரோகம்தான் என்று அவருக்குப் பட்டது. எது சிறிய துரோகம் என்று தொட்டுப் பார்க்கத்தான் அவருடைய விரல்களுக்கு உணர்ச்சி இல்லை.

“நீங்கதான் எங்கயோ வெச்சிருப்பீங்க” என்று சில நாள்களில் அவள் சண்டை பிடித்தாள். அந்த நாள்கள் நல்ல நாள்கள். சண்டையில் அவள் முழுசாக இருந்தாள். வேறு சில நாள்களில் சிறுமியைப் போல முக்காலியில் உட்கார்ந்து, கைப்பிடி இருக்க வேண்டிய வெற்று இடத்தில் கை வைத்துச் சுழற்றினாள். அதையும் அவர் பார்த்துக்கொண்டு சால்டரிங் செய்தார்.

பிறகு கேட்பது குறைந்தது. ஒருநாள் காலை கேட்கவில்லை. மாலையில் கேட்பாள் என்று காத்திருந்தார். கேட்கவில்லை. மறுநாளும் கேட்கவில்லை. துவைத்த துணிகளை மடியில் போட்டு, மடித்துப் பிரித்து, பிரித்து மடித்துக்கொண்டிருந்தாள். தேடச் சொல்லி யாரும் கூப்பிடாத அந்த வீட்டில் அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. கடைக்கும் உள்ளறைக்குமாக நடந்தார். கடைசியில் அவள் எதிரில் வந்து நின்றார்.

“ஏம்மா, அந்தக் கைப்பிடி எங்க? பாத்தியா?”

“எந்தக் கைப்பிடிங்க?”

“மிஷின் கைப்பிடிம்மா. கம்பி சுத்துவியே.”

அவள் நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தாள். அதில் என்ன கண்டாளோ, துணிகளைச் சட்டென்று ஒதுக்கி வைத்துவிட்டு எழுந்தாள்.

“அதுக்கு ஏன் அழுவறீங்க? வாங்க, தேடுவோம். கெடைக்காம எங்க போயிடும்?” மேசைக்கடியில் குனிந்து பார்த்தாள். பெட்டிகளைத் தூக்கினாள். அரிசிப் பானையின் மூடியைத் திறந்தாள். அவர் அசையாமல் நின்றுகொண்டிருப்பதைக் கண்டு, பானைக்குள் கையை வைத்தபடியே திரும்பினாள்.

“எதைத் தேடறோம்னு மட்டும் ஒருதரம் சொல்லிடுங்க.”